திருந்திய கால் திரும்ப வளையுமா? வளைபாத மருத்துவத்தின் வரலாறு

பிறக்கும்போதே ஒரு பாதமோ இரு பாதங்களுமோ உள்நோக்கி மடங்கி, குதிகால் மேலேறி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருப்பது வளைபாதம். மருத்துவமனையில் இதைக் ‘கிளப் ஃபுட்’ என்பார்கள். பெரியகுளம், தேனி வட்டாரத்து வீடுகளில் ‘கால் வளைஞ்சு பொறந்திருக்கு’ என்று சொன்னாலே போதும். ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் உலகெங்கும் காணப்படும் குறை இது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு அதிகம். பாதிக்கப்படும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரு கால்களும் வளைந்திருக்கும்.

இக்குறையோடு பிறந்த குழந்தையைப் பார்த்ததும் எழும் கேள்விகள் இரண்டு. கால் நேராகுமா? நேரானபின் திரும்ப வளையுமா? முதல் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. இரண்டாவது கேள்விக்கு எண்களோடு பதில் சொல்ல முடிந்தது 1960களிலிருந்துதான். பிறந்த அன்றைய வளைவைப் பார்த்துக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். கால் நேரான பிறகு வரும் நான்கு ஆண்டுகளே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது பின்னர்த் தெரிந்தது. அந்த மாற்றமே இம்மருத்துவ வரலாற்றின் மையம்.

ஊர் அறிந்த அளவு

கெங்குவார்பட்டி, வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. கொடைக்கானலுக்கு மலைப்பாதை பிரியும் காட்ரோடும் மஞ்சளாறு அணையும் இதன் அருகே உள்ளன. இத்தகைய ஓர் ஊரில் ஆண்டுக்கு இருநூறு குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒரு வளைபாதக் குழந்தை பிறக்கும். முப்பது ஆண்டுகள் பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் தம் வாழ்நாளில் ஐந்தாறு பேருக்கு மேல் கண்டிருக்க மாட்டார். காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பற்றி ஊருக்கு இருந்த அனுபவ அறிவு இக்குறையைப் பற்றி உருவாக வழியில்லை.

ஆனாலும் வீட்டுக்குள் ஒரு வைத்தியம் இருந்தது. பாட்டி கால்நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைத் தன் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் கைகால்களை உருவி, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். கால் கோணலாக இருந்தால் அதைக் கூடுதலாக உருவிவிடுவார்கள். ‘உருவி விட்டா சரியாப் போயிரும்’ என்ற நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. கருப்பையில் இடம் நெருக்கப்பட்டதால் மட்டும் மடங்கியிருக்கும் பாதங்கள் சில. அவற்றின் எலும்பும் தசைநாரும் இயல்பாகவே இருக்கும். விரலால் தள்ளினாலே பாதம் நேர்நிலைக்கு வரும். சில வாரங்களில் தானாகவும் சரியாகும். அத்தகைய பாதம் திருந்தும்போது பெருமை பாட்டியின் கைக்குப் போகும். உண்மையான வளைபாதத்தில் கணுக்காலின் உட்புறமும் பின்புறமும் உள்ள தசைநார்கள் குட்டையாகித் தடித்திருக்கும், சிறு எலும்புகள் இடம் பெயர்ந்திருக்கும், கெண்டைக்கால் மெலிந்திருக்கும். எத்தனை உருவினாலும் அது திருந்தாது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டையும் பிரித்தறிவதே கணிப்பின் முதல் படி. அது தெரியாத இடத்தில் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று மாதங்கள் கழிந்தன.

காரணம் தேடியவர்கள் கிரகணத்தைச் சுட்டினர். கர்ப்பிணி கிரகண நேரத்தில் வெளியே வந்தாலும் அரிவாள்மணையைத் தொட்டாலும் குழந்தைக்கு ஊனம் வரும் என்ற நம்பிக்கை தமிழகத்துச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. பழி தாயின் மேல் விழுவதே அதன் விளைவு. அறிவியல் கண்ட காரணம் வேறு. 1939இல் ஜெர்மனியில் இடல்பெர்கர் இரட்டையரை ஆராய்ந்தார். ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு வளைபாதம் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ 32 விழுக்காடு; இரு கரு இரட்டையரில் ஏறத்தாழ 3 விழுக்காடு. மரபுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இது காட்டியது. ஒரு கரு இரட்டையரிலும் நூற்றுக்கு நூறு ஆகாததால் மரபு மட்டுமே காரணம் இல்லை என்பதும் விளங்கியது.

மருத்துவம் பெறாத குழந்தை பாதத்தின் வெளிவிளிம்பையோ மேற்புறத்தையோ ஊன்றி நடக்கப் பழகும். அந்த இடத்தில் தோல் காய்த்துத் தடித்துப் புண்ணாகும். செருப்புப் பொருந்தாது. வரப்பில் நடப்பதும் சேற்றில் நின்று நாற்று நடுவதும் சுமை தூக்குவதும் கடினமாகும். விவசாயக் கூலியை நம்பிய ஊரில் இது வாழ்நாள் முழுதும் வருமானத்தைக் குறைக்கும் குறை. பெயருக்கு முன்னால் ‘நொண்டி’ என்ற அடைமொழி ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பேச்சிலும் அது தடையாகும்.

கிரேக்கம் முதல் லிவர்பூல் வரை

வளைபாதத்துக்கான மருத்துவத்தை விரிவாகச் சொன்ன மிகப் பழைய எழுத்து, கி.மு. 400ஐ ஒட்டி எழுந்த ஹிப்போகிரட்டீசின் தொகுப்பில் உள்ளது. கூடிய விரைவில் தொடங்க வேண்டும்; கையால் மெதுவாகத் திருத்த வேண்டும்; திருத்திய நிலையில் கட்டுப்போட வேண்டும்; நேர்நிலையையும் தாண்டிச் சற்று எதிர்ப்பக்கம் வரை கொண்டுபோக வேண்டும்; பிறகு தக்க காலணி அணிவித்து அந்த நிலையைக் காக்க வேண்டும். கால் திரும்ப வளையக்கூடும் என்பதை அறிந்த கையே இந்தக் கடைசிக் குறிப்பை எழுதியிருக்க முடியும்.

1803இல் இத்தாலியின் அந்தோனியோ ஸ்கார்ப்பா, வளைபாதத்தில் எலும்புகள் எவ்வாறு இடம் மாறியுள்ளன என்பதை விளக்கி நூல் எழுதினார். கணுக்காலின் அடிப்படை எலும்பான டேலசைச் சுற்றி மற்ற எலும்புகள் உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன என்பது அவர் கண்டது. 1831இல் ஜெர்மனியின் லூயி ஸ்ட்ரோமையர், தோலில் மிகச் சிறிய துளையிட்டுக் குதிகால் நரம்பை, அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணை, வெட்டும் முறையைத் தொடங்கினார். பெரிய காயம் இல்லாததால் சீழ் பிடிக்கும் ஆபத்து குறைந்தது. குழந்தைப் பருவத்து நோயால் கால் வளைந்திருந்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், 1836இல் அவரிடமே சென்று அறுவை செய்துகொண்டார். திரும்பி வந்து லண்டனில் இம்முறையைப் பரப்பினார். அதே 1836இல் பிரான்சின் ஜூல் கெரேன் வளைபாதத்துக்குப் பாரிஸ் சாந்தைப் பயன்படுத்தினார். தமிழில் இன்று மாவுக்கட்டு என வழங்குவது அதன் வழிவந்ததே.

நரம்பை வெட்டினால் போதும் என்ற உற்சாகம் நெடுநாள் நீடிக்கவில்லை. குதிகால் இறங்கினாலும் பாதத்தின் உள்வளைவு அப்படியே நின்றது. நேரான கால்களும் மீண்டும் வளைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறுமை குறைந்து விசை கூடியது. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ், பாதத்தைப் பிடித்து முறுக்கித் திருப்பும் இரும்புக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அதனால் கால் வெளிப்பார்வைக்கு நேரானது. உள்ளே தசைநார்கள் கிழிந்து தழும்பேறி இறுகின.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரு பெயர்கள் முன்னால் நின்றன. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஹிராம் கைட், மாவுக்கட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு அறுவையின்றித் திருத்த முயன்றார். நோக்கம் சரி, ஆனால் பாதத்தின் வெளிப்புறத்தில் தவறான இடத்தில் கட்டைவிரலை ஊன்றித் தள்ளியதால் குதிகால் எலும்பு திரும்ப முடியாமல் தடைபட்டது. ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கட்டு தொடர்ந்தது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையின் டெனிஸ் பிரவுன், 1934இல் இரு காலணிகளை ஒரு குறுக்குச் சட்டத்தில் பூட்டும் கருவியை அறிவித்தார். குழந்தை உதைக்க உதைக்கப் பாதம் வெளிநோக்கித் திரும்பும் என்பது அதன் தத்துவம். வளைவைத் திருத்தும் கருவியாக அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. திருத்தியதைக் காக்கும் கருவியாக, வேறொருவர் கையில், அது பின்னாளில் இன்றியமையாதது ஆயிற்று.

வேலூரில் பால் பிராண்ட்

தமிழ்நாட்டில் இக்குறையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களில் பால் பிராண்ட் முக்கியமானவர். 1914இல் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதிக்குப் பிறந்த அவர், லண்டனில் மருத்துவம் பயின்று டெனிஸ் பிரவுனிடம் குழந்தைகளின் பாதங்களைத் திருத்தக் கற்றார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்ததற்காக உலகப் புகழ் பெற்ற அவர், வேலூரில் வளைபாதக் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்தார்.

லண்டனில் அவர் கண்டவை, சிறுவயதில் வலுவாகத் திருப்பி நேராக்கப்பட்ட பாதங்கள். பின்னாளில் அவை தழும்பேறி விறைத்துப்போயின. வேலூரில் அவரிடம் வந்தவர்களில் எந்த மருத்துவமும் பெறாமல் வளைந்த காலோடே வளர்ந்தவர்கள் இருந்தனர். அவர்களின் பாதம் கோணலாக இருந்தும் தசை மென்மையாகவே இருந்தது. விறைப்பு குறையிலிருந்து வரவில்லை, கையின் விசையிலிருந்து வந்தது என்பது அவர் கண்ட முடிவு. அதன்பின் அவர் ஒரு வழி வகுத்தார். பசியோடிருக்கும் குழந்தையைத் தாய் மடியில் வைத்துப் பாலூட்டத் தொடங்குவார். அப்போது மருத்துவர் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்டுப்போடுவார். குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாலோ அழுதாலோ விசை மிகுந்துவிட்டது என்று பொருள். குழந்தையின் முகமே அளவுகோல் ஆனது.

அன்றைய மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்த கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு வேலூர் எட்டாத தொலைவு. அவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரைதான். அது எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரில் இருந்து, பின்பு இராசாசி மருத்துவமனை ஆனது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் சிறப்பு மருத்துவம் தென்மாவட்டங்களுக்குக் கிட்டத் தொடங்கியது. ஆனால் வாராவாரம் கட்டு மாற்றக் கெங்குவார்பட்டியிலிருந்து மதுரைக்குக் கைக்குழந்தையோடு போய்வருவது கூலிக் குடும்பத்துக்கு எளிதாக இருக்கவில்லை.

அயோவாவில் பொன்செட்டி

பால் பிராண்ட் பிறந்த அதே 1914இல் ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் பிறந்தவர் இக்னாசியோ பொன்செட்டி. உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் மருத்துவராக இருந்ததால் நாட்டை விட்டு வெளியேறி, பிரான்சும் மெக்சிகோவும் கடந்து 1941இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்தார். அங்கே அறுவை செய்யப்பட்ட வளைபாதங்களை அவர் திரும்பவும் அழைத்துப் பார்த்தார். அவை விறைப்பாகவும் வலியோடும் இருந்தன. 1940களின் இறுதியில் அறுவையைத் தவிர்க்கும் வழியைத் தொடங்கினார்.

வாரம் ஒரு மாவுக்கட்டு, விரல் நுனியிலிருந்து தொடை வரை, முழங்கால் மடங்கிய நிலையில். முதல் கட்டில் பாதத்தின் உள்குழிவைச் சமன்செய்ய வேண்டும். அடுத்தடுத்த கட்டுகளில் டேலசின் தலைப்பகுதியில் கட்டைவிரலை ஊன்றி, முழுப் பாதத்தையும் அதன் அடியில் சிறிது சிறிதாக வெளிநோக்கிச் சுழற்ற வேண்டும். கைட் தவறவிட்ட இடம் இதுவே. ஐந்தாறு கட்டுகளில் உள்வளைவு நீங்கிவிடும். மேலேறி நிற்கும் குதிகாலை இறக்கப் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நரம்பைச் சிறு துளை வழியே வெட்டி, கடைசிக் கட்டை மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். அந்த நரம்பு மீண்டும் நீளமாக வளர்ந்து சேரும். பிறகு வருவது பிரேஸ்: இரு காலணிகளைப் பூட்டிய சட்டம். வளைந்திருந்த பாதம் 60 முதல் 70 பாகை வரை வெளிநோக்கி இருக்கும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அதன்பின் நான்கு வயது வரை உறங்கும் நேரங்களில் அணிய வேண்டும்.

இம்முறையை மற்ற மருத்துவர்கள் நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. 1971இல் அமெரிக்காவின் வின்சென்ட் டர்கோ அறிவித்த ஒரே கட்ட விரிவான அறுவை உலகெங்கும் பரவியது. இந்தியாவிலும் பல பத்தாண்டுகள் அதுவே செய்யப்பட்டது. காத்திருந்து பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. 1995இல் கூப்பரும் டீட்சும், பொன்செட்டியிடம் குழந்தையாக மருத்துவம் பெற்ற 45 பேரின் 71 பாதங்களைச் சராசரி 34 வயதில் ஆராய்ந்தனர். 78 விழுக்காட்டினரின் பாதம் நன்றாகவோ மிக நன்றாகவோ இயங்கியது. பிறவிக் குறையே இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் அது 85 விழுக்காடு. விரிவான அறுவை பெற்றவர்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், பலரின் பாதம் விறைத்து மூட்டுத் தேய்ந்திருந்தது. குழந்தைப் பருவத்து முடிவை வைத்து ஒரு முறையை மதிப்பிடக்கூடாது என்ற பாடம் இவ்விரு ஆய்வுகளிலிருந்து கிடைத்தது.

வளைவை எண்ணாக்குதல்

ஒரு மருத்துவருக்குக் ‘கடும் வளைவு’ என்பது மற்றவருக்கு ‘நடுத்தரம்’. பொது அளவு இல்லாதவரை ஒரு மருத்துவமனையின் முடிவை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது; கணிக்கவும் முடியாது. 1990களில் இரண்டு அளவைகள் வந்தன. பிரான்சின் அலேன் டிமெக்லியோ குழுவினர் 1995இல் 20 புள்ளி கொண்ட அளவையை வெளியிட்டனர். பாதத்தை மெதுவாகத் தள்ளினால் எவ்வளவு தூரம் திருந்துகிறது என்பதைப் பாகையில் அளந்து, மென்மை முதல் மிகக் கடுமை வரை நான்கு நிலைகளாகப் பிரிப்பது அது.

கனடாவின் ஷாஃபிக் பிரானி உருவாக்கியது இன்னும் எளியது. நடுப்பாதத்தில் மூன்று, பின்பாதத்தில் மூன்று என ஆறு அடையாளங்கள். வெளிவிளிம்பின் வளைவு, உட்புறச் சுருக்கம், டேலசின் தலை தொட்டறியப்படும் அளவு, பின்புறச் சுருக்கம், குதிகால் எலும்பு கைக்குத் தென்படாமல் காலியாக இருப்பது, கணுக்கால் மேல்நோக்கி மடங்காத விறைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1 என்ற மூன்றில் ஒரு மதிப்பு. மொத்தம் ஆறு. எக்ஸ்ரே தேவையில்லை, அளவுகோலும் தேவையில்லை. பயிற்சி பெற்ற எவரும் ஒரு நிமிடத்தில் மதிப்பிடலாம். சிறு மருத்துவமனைகளில் இது வேரூன்றியதற்கு இந்த எளிமையே காரணம்.

மருத்துவத்தின் போக்கை இவ்வெண்கள் ஓரளவு நன்றாகவே சொல்லின. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, தொடக்கத்தில் பிரானி மதிப்பு 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் குதிகால் நரம்பை வெட்ட வேண்டி வருவது பெரும்பாலும் உறுதி. 2006இல் டயரும் டேவிசும் 70 பாதங்களை ஆராய்ந்து, மதிப்பு 4 அல்லது அதற்கு மேல் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் நான்கு கட்டுகளாவது தேவைப்படும் என்றனர். பெற்றோருக்கு முதல் நாளிலேயே ‘இத்தனை வாரம் வர வேண்டியிருக்கும்’ என்று சொல்ல இது உதவியது. வாரக் கூலியை இழந்து பேருந்தேறி வரும் குடும்பத்துக்கு இந்தத் தகவல் பெரிய உதவி.

திரும்ப வளையுமா என்ற கேள்விக்கு மட்டும் இவ்வெண்களில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. கடும் வளைவு சற்றுக் கூடுதல் ஆபத்து என்று சில ஆய்வுகள் கூறின. தொடர்பே இல்லை என்று வேறு சில கூறின.

திரும்ப வளைவதன் கணக்கு

1963இல் பொன்செட்டியும் ஸ்மோலியும் தங்கள் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, 94 பாதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மீண்டும் வளைந்திருந்தன. 1980இல் லாவெக்கும் பொன்செட்டியும் 104 பாதங்களைப் பார்த்ததில் 47 விழுக்காடு. 2004இல் மோர்குவெண்டே குழுவினர் அதே அயோவா மருத்துவமனையில் 157 குழந்தைகளை ஆராய்ந்தபோது 11 விழுக்காடு. மாவுக்கட்டு முறை ஒன்றுதான். இந்த இடைவெளியில் இறுகியது பிரேஸ் அணியும் ஒழுங்கு.

2004ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு தெளிவானது. குழந்தை எந்த வயதில் வந்தது, முன்பு வேறிடத்தில் மருத்துவம் தோற்றதா, எத்தனை கட்டுகள் தேவைப்பட்டன என்பவற்றுக்கும் மறுவளைவுக்கும் தொடர்பில்லை. பிரேசை ஒழுங்காக அணிந்ததா என்பதற்கு உண்டு. அயோவா மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் தந்த ஒப்பீடு, ஒழுங்காக அணிந்தவரில் 6 விழுக்காடு, அணியாதவரில் 80 விழுக்காட்டுக்கும் மேல். அதே ஆண்டு டாப்ஸ் குழுவினர் 51 குழந்தைகளை ஆராய்ந்து, பிரேஸ் அணியாமையே மறுவளைவின் மிக வலுவான முன்னறிகுறி என்றனர். பெற்றோரின் கல்வி உயர்நிலைப் பள்ளியோடு நின்றிருப்பது அடுத்த அறிகுறி. 2009இல் நியூ மெக்சிகோவில் நடந்த ஆய்வு, சிற்றூர்களில் குறைந்த வருமானமும் குறைந்த கல்வியும் உடைய குடும்பங்களில் பிரேஸ் அதிகம் கைவிடப்பட்டதைக் காட்டியது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. கால் நேராகிவிட்டது, குழந்தை நடக்கிறது, பார்வைக்குக் குறை எதுவும் இல்லை. இந்நிலையில் அழும் குழந்தையை இரவுதோறும் சட்டத்தில் பூட்ட வேண்டும் என்பதற்கான நியாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வளைவை உண்டாக்கிய சுருங்கும் தன்மை தசைநார்களில் இன்னும் உயிரோடிருப்பது வெளியே தெரியாது. பாதம் வேகமாக வளரும் முதல் நான்கைந்து ஆண்டுகளில் அது மீண்டும் இழுக்கும். ஐந்து வயதுக்குப்பின் மறுவளைவு அரிதாவது இதனால்தான்.

‘அணியவில்லை, அதனால் வளைந்தது’ என்ற வாய்பாட்டுக்கும் எல்லை உண்டு. திரும்ப வளையத் தொடங்கிய பாதம் காலணிக்குள் சரியாக உட்காராது, குதிகால் வழுக்கி மேலே வரும், குழந்தைக்கு வலிக்கும், பெற்றோர் கழற்றிவிடுவார்கள். அங்கே பிரேசைக் கைவிட்டது விளைவு, வளைவே காரணம். காலணிக்குள் உணரி பொருத்திய பிற்கால ஆய்வுகள், பெற்றோர் சொன்ன நேரத்தைவிட உண்மையில் அணிந்த நேரம் குறைவு என்று காட்டின. ஆகவே வாய்மொழியை மட்டும் நம்பிய பழைய எண்களை அப்படியே ஏற்க முடியாது. ஒழுங்காக அணிந்தும் திரும்ப வளையும் பாதங்களும் உண்டு. பாதத்தை வெளிநோக்கித் திருப்பும் தசைகள் வலுவற்றிருந்தால் ஆபத்து கூடும் என்று 2014இல் கெல்ஃபர் குழுவினர் காட்டினர். உள்ளங்காலைச் சுரண்டி, குழந்தை பாதத்தை எப்பக்கம் இழுக்கிறது என்று பார்த்தாலே இதை அறியலாம். முதுகுத்தண்டுக் குறையாலோ பல மூட்டுகள் பிறவியிலேயே விறைத்திருப்பதாலோ வரும் வளைபாதம் திரும்ப வளைவது இயல்பான வளைபாதத்தைவிட மிக அதிகம். குட்டையாகவும் தடித்தும், உள்ளங்காலில் குறுக்கே ஆழ்ந்த மடிப்போடும் இருக்கும் சிக்கலான வகைக்குக் கட்டுப்போடும் முறையையே பொன்செட்டி 2006இல் மாற்றியமைத்தார்.

இந்தியாவிலும் தேனியிலும்

2000க்குப் பிறகு பொன்செட்டி முறை ஏழை நாடுகளில் வேகமாகப் பரவியது. உகாண்டாவில் உள்ளூர்த் தோலாலும் இரும்பாலும் மலிவாகச் செய்யக்கூடிய பிரேசை மிகீல் ஸ்டீன்பீக் வடிவமைத்தார். இந்தியாவில் கியூர் இந்தியா அறக்கட்டளை பல மாநில அரசு மருத்துவமனைகளோடு இணைந்து வாராந்தர வளைபாதப் பிரிவுகளை அமைக்க உதவி, பிரேஸ்களை இலவசமாக வழங்கியது. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வேண்டிய 30 நிலைகளில் வளைபாதத்தையும் சேர்த்தது. பிரசவ இடத்தில் ஒரு சோதனை. பின்பு அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிகளில் ஒரு முறையும் நடமாடும் குழுவின் சோதனை. குறை கண்ட குழந்தை மாவட்ட மையத்துக்கு அனுப்பப்படும். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் தமிழ்நாட்டில் முதல் சோதனைக்குத் தப்பும் குழந்தை அரிது. கருவுற்ற ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பல வளைபாதங்கள் தெரிந்துவிடுகின்றன.

1990களின் பிற்பகுதியில் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமாயிற்று. பெரியகுளத்தில் அரசு மருத்துவமனையும் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. கெங்குவார்பட்டிக் குடும்பத்துக்கு மதுரைப் பயணம் தவிர்க்க முடியாததாக இருந்த காலம் போயிற்று. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதும் வாராந்தரப் பயணச் செலவை ஓரளவு குறைத்தது.

கட்டுப்போடும் வாரங்களைக் கடப்பது இவ்வாறு எளிதானபின், எஞ்சி நிற்பது பிரேஸ் அணியும் நான்கு ஆண்டுகள். பள்ளத்தாக்கின் தொழில் ஒழுங்கு இங்கே குறுக்கிடுகிறது. கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து பெண்கள் விடிவதற்குமுன் ஜீப்பேறி மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். அடிவார ஊர்களிலும் தாய் காட்டுவேலைக்குப் போனால் குழந்தை பாட்டியிடம்தான். பிரேஸ் பற்றி மருத்துவமனையில் கேட்டவர் ஒருவர், வீட்டில் அதை மாட்ட வேண்டியவர் வேறொருவர். வெயில் காலத்தில் காலணிக்குள் தோல் வெந்து புண்ணாகும். குழந்தை வளர வளரக் காலணியின் அளவு மாற வேண்டும்; அடுத்த அளவு வாங்க ஒரு நாள் கூலி போக வேண்டும். மறுவளைவைக் கணிக்கும் அறிகுறியாக அமெரிக்க ஆய்வுகள் சொன்ன ‘பெற்றோர் கல்வி’யும் ‘வருமான’மும் இந்த அன்றாடத்தின் சுருக்கம். இவை குழந்தையின் காலில் இல்லாத காரணங்கள் என்பதால் மாற்றக்கூடியவையும் கூட. முதல் கட்டின்போதே பாட்டியையும் அழைத்துப் பிரேஸ் மாட்டிக் காட்டுதல், அளவு மாறும் நாளைக் கிராமச் செவிலியர் நினைவூட்டுதல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தல் ஆகியவை செலவில்லாத தடுப்புகள்.

இன்று சொல்லக்கூடியது

பிறந்த முதல் வாரங்களில் வரும் சாதாரண வளைபாதக் குழந்தையின் கால், ஐந்தாறு கட்டுகளாலும் ஒரு சிறு வெட்டாலும் நேராகும் என்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம். தாமதமாக வந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. நடக்கத் தொடங்கியபின் சராசரி நான்கு வயதில் மருத்துவம் பெற்ற பிரேசில் நாட்டுக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பாதங்கள் இம்முறையால் திருந்தியதாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது.

திரும்ப வளைவதற்கான அடையாளங்களும் தெளிவாகத் தெரிந்தவை. கணுக்கால் முன்போல மேல்நோக்கி மடங்காமை, காலணியில் குதிகால் தங்காமை, நடக்கும்போது முன்பாதம் உள்நோக்கித் திரும்புதல். இவற்றை மூன்று மாதச் சோதனையில் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று புதிய கட்டுகளே போதும். தேவைப்பட்டால் குதிகால் நரம்பை மறுபடி வெட்டலாம். இரண்டரை வயது கடந்தபின்னும் பாதம் நடையில் உள்நோக்கித் திரும்பினால், காலின் முன்புறத் தசைநாணை உட்பக்கத்திலிருந்து பாதத்தின் நடுப்பகுதிக்கு மாற்றிப் பொருத்துவார்கள். அதன்பின் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரேஸ் தேவைப்படாது. திரும்ப வளைந்த காலும் பெரிய அறுவை இல்லாமல் பெரும்பாலும் திருந்துகிறது என்பதால், மறுவளைவு இன்று மருத்துவத்தின் தோல்வியாகக் கருதப்படுவதில்லை. அதன் ஒரு கட்டமாகவே கருதப்படுகிறது. நான்கு வயது வரை தவறாமல் சோதனைக்கு வரும் குழந்தைக்கு அக்கட்டம் சிறியது. இடையில் நின்றுவிடும் குழந்தைக்கு அது முழு மருத்துவத்தையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும்.